ஊரையே தூக்கி வெச்ச கதை

டெக்சாஸ் கடலோரத்தில் கால்வெஸ்டன்னு ஒரு தீவு நகரம். இங்கே கடற்சுவர் தேவையே இல்லைன்னு 1891-இல் வானிலை அதிகாரி ஐசக் கிளைன் பத்திரிகையில் எழுதினார். 1900 செப்டம்பர் 8-ஆம் தேதி புயலில் குறைந்தது 6,000 பேர் செத்தாங்க. அவர் மனைவியும் அதில் ஒருத்தர்.

அப்புறம்தான் 17 அடிச் சுவர் வந்தது. அதோட நிக்கலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஜாக்கி வெச்சுத் தூக்கி, அடியில் கடல்மணலைச் சேறாகப் பம்ப் பண்ணி நிரப்பினாங்க. ஜனங்க வருஷக்கணக்கில் பலகைப் பாதையில்தான் நடந்தாங்க. எனக்கு உறுத்தறது ஒண்ணுதான்: மண் நிரப்பின செலவு அரசாங்கத்தோடது, வீட்டைத் தூக்கற செலவு வீட்டுக்காரரோடது.

1915-இல் மறுபடி பெரும்புயல். சுவர் நின்னுது, ஊருக்குள்ளே செத்தவங்களை விரல்விட்டு எண்ணிடலாம்.