ஏணியிலிருந்து விழுந்தவருக்கு யார் பொறுப்பு?

மளிகைக் கடையில் வேலை பார்ப்பவர் விழுவதற்கு வழிகள் பல. பரணுக்குப் போட்ட ஏணி சறுக்கும். எண்ணெய் சிந்திய தரை வழுக்கும். அரிசி மூட்டையோடு இறங்கும்போது படியில் கால் இடறும். "பாத்து ஏறக் கூடாதா?" என்பதுதான் முதலாளியின் முதல் பேச்சு. பழி விழுந்தவர் மீதே விழுகிறது.

தோழர்களே, இந்தப் பழியைச் சட்டம் 1923இலேயே இடம் மாற்றிவிட்டது. வேலையின் காரணமாக, வேலையின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு முதலாளியின் பொறுப்பு; அவர் தவறு செய்தார் என்று தொழிலாளி நிரூபிக்கத் தேவையில்லை. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் சாரம் இதுதான். ஆனால் அதன் அட்டவணை ஆலை, சுரங்கம், ரயில்வே என்றுதான் தொடங்கியது. கடைக்காரப் பையன் அதில் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். அந்தக் காலத்தில்தான், 1943இல், தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வகுக்கும் பணி பேராசிரியர் அடார்கரிடம் தரப்பட்டது. 1944இல் அவர் அறிக்கை தந்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1948இன் இ.எஸ்.ஐ. சட்டம். அதுவும் ஆலைகளில்தான் தொடங்கியது. கடைகளுக்குப் பிறகே வந்தது. இன்றும் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சாதாரணக் கடை அதன் கட்டாய எல்லைக்கு வெளியே நிற்கிறது. அங்கே விழுபவருக்கு மிஞ்சுவது இழப்பீட்டுச் சட்ட வழிதான். அதுவும் தம் வேலை அட்டவணைக்குள் வருகிறது என்று காட்ட முடிந்தால்.

கடைகளுக்கென்றே 1947இல் சென்னை மாகாணத்தில் வந்த சட்டம் வேலை நேரம், விடுமுறை, தூய்மை, வெளிச்சம் பற்றிப் பேசியது. உட்கார இருக்கை வேண்டும் என்று அதில் சேர்க்க 2021 வரை ஆனது.

இதைச் சாதியை விட்டுவிட்டுப் படிக்க முடியாது. கல்லாவில் முதலாளியின் சொந்தபந்தம் உட்காரும். ஏணியில் ஏறவும் மூட்டை தூக்கவும் நம் தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். முன்பணம் வாங்கிய கை மனு எழுதத் தயங்கும். "வீட்டுல விழுந்தேன்னு சொல்லு, செலவை நான் பாத்துக்கறேன்" என்ற பேச்சு அங்கேதான் எடுபடுகிறது.

அந்த ஒரு பொய் உரிமையையே அழித்துவிடும். மருத்துவமனைப் பதிவேட்டில் "கடையில், வேலையின்போது" என்று எழுதவைக்க வேண்டும். இழப்பீடு கேட்க 2 ஆண்டுக் கெடு உண்டு. நம் தெருவில் யாராவது விழுந்தால், முதலாளி போய்ச் சேருவதற்குள் நாம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்.