டியூக் பெயரில் ஒரு கால்வாய்

பக்கிங்காம் பிரபு 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண கவர்னர். அவர் ஒரு கூடை மண்கூடச் சுமக்கவில்லை. கால்வாய்க்கு அவர் பெயர்தான் இருக்கிறது. மண் சுமந்தவர்களுக்குப் பெயர் இல்லை.

எங்க கெங்குவார்பட்டிப் பக்கம் படகு கிடையாது. மஞ்சளாற்று வாய்க்காலில் ஆடுமாடு இறங்கும், படகு மிதக்காது. பிறகு எனக்கு ஏன் இந்தக் கால்வாய்க் கதை? கம்பம் பள்ளத்தாக்கில் பென்னிகுவிக் பெயரைச் சோற்றோடு சேர்த்தே ஊட்டுகிறார்கள். கிடப்பில் கிடந்த பெரியாற்றுத் திட்டத்தைத் தூக்கி நிறுத்தியது 1876–78 தாது வருஷப் பஞ்சம். 1887இல் தொடங்கி 1895இல் அணையைத் திறந்தார்கள். காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிகள் யார், எந்தச் சேரியிலிருந்து போனார்கள் என்று கேட்டால் பள்ளத்தாக்கில் பதில் சொல்ல ஆளில்லை. அந்தக் கேள்வியோடுதான் அதே பஞ்சம் வெட்டிய இன்னொரு நீர்வழியைத் தேடிப் போனேன்.

கால்வாயின் முதல் துண்டு 1806இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டியது. பிறகு வடக்கே ஆந்திரம், தெற்கே மரக்காணம் என்று கடலோரமாகவே நீண்டது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர். நடுவில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே 8 கிலோமீட்டர் விட்டுப்போயிருந்தது. அதை 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள்.

நிவாரணம் என்றால் என்ன? கல்கத்தாவிலிருந்து ஆண்ட இந்திய அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில் கூலியை வெட்டிக் குறைத்தார். நாள் முழுக்க வேலை செய்யும் ஆம்பளைக்கு ஒரு ராத்தல் தானியத்தோடு ஓர் அணா. ஒரு ராத்தல் என்பது 450 கிராம். வேலை செய்யும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதம் கழித்துத்தான் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள். அதற்குள் போனவை போனவைதான். அந்தப் பஞ்சத்தில் செத்தவர்களை ஐம்பது லட்சத்துக்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள். அந்த நேரத்திலும் தானியம் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. மதுரையில் பிட்டுக்கு மண் சுமந்த சிவனுக்கு ஆவணி மூலத்தில் வருஷம் தவறாமல் திருவிழா. ராத்தல் தானியத்துக்கு மண் சுமந்தவர்களுக்கு?

பஞ்சம் எல்லோருக்கும் பொது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்சம் முதலில் தின்றது நிலமில்லாதவர்களை. நிலமில்லாமல் வைக்கப்பட்டவர்கள் யார்? கால்வாய் ஓடுகிற செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராயிருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதில் வீட்டுமனைகூடச் சொந்தமில்லாதவர்களைப் பார்க்கலாம். ஆக, கூடை தூக்க வந்த கூட்டத்தின் சாதி பதிவேட்டில் இல்லாவிட்டாலும் நமக்குத் தெரியாத சாதியல்ல.

இதே 1877இல் இங்கிலாந்தில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கேயும் கால்வாய்கள், அங்கேயும் படகுகள். 1761இல் பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் வந்த பிறகு நாடு முழுக்க வெட்டினார்கள். வெட்டியவர்களை ‘நாவி’ என்றார்கள். ஏழடி அகலம், எழுபதடி நீளம் உள்ள ஒடுக்கமான படகு. முன்னால் குதிரை இழுக்கும். பாலம் போல் நீண்ட சுரங்கத்துக்குள் குதிரை போக வழியில்லாத இடங்களில் ஆட்கள் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்துப் படகைத் தள்ளுவார்கள். ரயில் வந்து வாடகை விழுந்ததும் படகோட்டிகள் பெண்டாட்டி பிள்ளைகளைப் படகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். கரையில் ஒரு வீட்டுக்கு வாடகையும் கொடுத்து, படகில் ஒரு ஆளுக்குச் சம்பளமும் கொடுக்கக் கட்டாது. பத்தடி அறைக்குள்ளே அடுப்பு, படுக்கை, பிரசவம் எல்லாம். பிள்ளைக்குப் படிப்பில்லை. கரையிலிருந்தவர்கள் இவர்களை அழுக்கர்கள், நாடோடிகள் என்று ஒதுக்கினார்கள். அந்தச் சின்ன அறையைத்தான் ரோஜாப் பூவும் கோட்டையும் வரைந்து, பித்தளையைத் துலக்கி அழகாக்கி வைத்திருந்தார்கள்.

சிறுவயதில் செங்கல் சூளையில் வேலை செய்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இந்தப் பிள்ளைகளுக்காகக் கத்தினார். 1877இல் பார்லிமெண்ட் ‘கால்வாய்ப் படகுச் சட்டம்’ போட்டது. படகைக் குடியிருப்பாகப் பதிய வேண்டும், இத்தனை பேர்தான் தூங்கலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. சட்டம் சரியாக நடக்கவில்லை, 1884இல் இன்னொன்று போட வேண்டியிருந்தது. இருந்தாலும் ஒரு படகில் எத்தனை பேர் தூங்கலாம் என்று லண்டன் எண்ணிய அதே வருஷம், ஒரு கூலி எத்தனை கிராமில் உயிரோடிருப்பான் என்று சென்னையில் எண்ணினார்கள். ஒரே ராணி, ஒரே பார்லிமெண்ட். வெள்ளைக்காரத் தொழிலாளிமேல் எனக்குக் கோபமில்லை. அவனும் இழுத்தவன்தான்.

நம் கால்வாயில் குதிரை இழுக்கவில்லை, மனுசன் இழுத்தான். தட்டையான அடிப்பகுதி கொண்ட படகு. காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் ஆகாவிட்டால் கரையில் நடந்து கயிறு. உப்பு, விறகு, கரி, சுண்ணாம்புக் கிளிஞ்சல், நெல் எல்லாம் இப்படித்தான் சென்னைக்கு வந்தன. பேசின் பிரிட்ஜ், சால்ட் கொட்டார்ஸ் என்ற பெயர்களில் அந்தப் படகுத்துறையும் உப்புக் கொட்டாரமும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போனதைப் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்று கவிதையாக்கினார். எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் அதிலே நிலாவைத் தேடுவோம்; படகை நகர்த்தியவனைத் தேட யாரும் சொல்லித்தருவதில்லை.

லாரியும் ரயிலும் வந்தன, 1960களிலும் 70களிலும் புயல்கள் அடித்தன, மண் மூடியது. இங்கிலாந்திலும் 1962–63 குளிரில் கால்வாய்கள் உறைந்து படகுத் தொழில் ஏறக்குறைய முடிந்தது. ஆனால் அங்கே அந்தப் படகுகளுக்கு ஸ்டோக் புரூர்னில் அருங்காட்சியகம் இருக்கிறது. பூ வரைந்த தண்ணீர்க் குவளையைக்கூடக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். இங்கே கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நட்டார்கள். 1995இல் முதல் ரயில் ஓடியது. மிச்சத்தில் சாக்கடை விட்டார்கள். கரையில் குடிசை போட்டவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். பலரைத் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கு லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். 2008இல் இதைத் தேசிய நீர்வழி 4இல் சேர்த்தார்கள். தூண்களைச் சுற்றி எப்படிப் படகு விடுவார்களோ!

கடைசிப் படகுகளில் ஏறி இறங்கியவர்களுக்கு இப்போது எண்பது வயசாவது இருக்கும். எண்ணூர், பழவேற்காடு, மரக்காணம், கண்ணகி நகர்ப் பக்கம் இருக்கிற மாணவத் தோழர்கள் ஒரு நோட்டோடு போக வேண்டும். கயிறு இழுத்த தோளில் தழும்பு இருந்ததா, கூலி யார் கையில் போனது, படகில் சோறு யார் பொங்கினார்கள், பெண்கள் ஏறினார்களா, எந்தத் துறையில் யாரைத் தண்ணீர் தொட விடவில்லை என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். இலக்கணம் திருத்த வேண்டாம்.