பின்மூடி இருந்த காலம்

2007 ஆகஸ்ட் ஞாபகம் இருக்கா மக்களே? நோக்கியாவோட பிஎல்-5சி பேட்டரி சூடாகுதுன்னு ஒரே களேபரம். மட்சுஷிதா தயாரிச்ச 4.6 கோடி பேட்டரிகள்ல குறை இருக்கலாம், இலவசமா மாத்தித் தர்றோம்னு நோக்கியாவே அறிவிச்சது. நான் அப்போ மயிலாப்பூர்ல ஸ்கூல் பையன். அப்பா போனோட பின்மூடியை நகத்தால நெம்பி, பேட்டரி நம்பரைப் பார்த்தது நான்தான். மாத்த வேண்டியது பேட்டரியை மட்டும். போன் அப்படியே இருக்கும்!

2016-ல சாம்சங் நோட் 7. இங்கேயும் வில்லன் பேட்டரிதான். ஆனா அது பசை போட்டு மூடின போன். சுமார் 25 லட்சம் போன்களை முழுசா திரும்ப வாங்க வேண்டியதாச்சு. மாத்திக் கொடுத்ததும் தீப்பிடிக்க, அக்டோபர்ல தயாரிப்பே நின்னுபோச்சு.

மூடினதுக்குக் காரணம் இல்லாம இல்லை. போன் மெலிசாச்சு, தண்ணீர் புகாது. சென்னை மழைக்கு அது வேணும்தான். ஆனா ஒரு பாகம் கெட்டா மொத்தமும் போற டிசைனை எங்க ஆபீஸ்ல கோட் ரிவ்யூவுலயே திருப்பி அனுப்பிடுவாங்க :)

நம்ம 2022 மின்கழிவு விதிகள் மறுசுழற்சிப் பொறுப்பைத் தயாரிப்பாளர் தலையில வைக்குது. நல்லதுதான். ஆனா மறுசுழற்சிங்கறது கடைசிப் படி. ஐரோப்பாவுல 2027 பிப்ரவரியிலிருந்து, சில விலக்குகளோட, பேட்டரியைப் பயனரே கழட்ட முடியணும்னு சட்டம். ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கற ஊர்க்காரங்க நாம. இதை முதல்ல கேட்டிருக்க வேண்டியது நாமதானே?