மூன்று மைல் தீவின் அபாய மணிகள்



இயந்திரம் பழுதுற்றால் அதனை மனிதருக்கு அறிவிப்பதற்கே அபாய மணி ஏற்பட்டது. அம்மணிகளே மனிதரைத் திகைக்கவைத்த வரலாறொன்றை இன்று கூற விரும்புகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சஸ்குவெஹன்னா ஆற்றிடையே மூன்று மைல் தீவு என்றொரு தீவு உண்டு. அங்கிருந்த அணுமின் நிலையத்தின் இரண்டாம் உலையில், 1979 மார்ச் 28 ஆம் நாள் அதிகாலை 4 மணியளவில், நீராவிக் கலங்களுக்கு நீரூட்டும் பம்பிகள் நின்றன. சில நொடிகளில் உலையும் முறைப்படி தானே அணைந்தது. துணைப் பம்பிகள் இயங்கத் தொடங்கின. ஆயின் அவற்றின் நீர் செல்லும் வழி அடைபட்டுக் கிடந்தது. 8 நிமிடங்களின் பின்னரே அது கண்டறியப்பட்டது. அதனால் குழப்பம் மிகுந்ததேயன்றிப் பெருங்கேடு விளையவில்லை.

கேடு பிறிதோரிடத்தில் இருந்தது. மிகுந்த அமுக்கத்தைத் தணிக்கத் திறந்த வால்வொன்று மீண்டும் மூடாது நின்றுவிட்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையிலோ அவ்வால்வுக்குரிய விளக்கு அணைந்திருந்தது. வால்வு மூடிவிட்டதென ஊழியர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு, மூடுமாறு கட்டளை சென்றதை மட்டுமே காட்டவல்லது. கட்டளை சென்றதற்கும் அது நிறைவேறியதற்கும் இடையேயுள்ள தூரத்தைப் பாடசாலை நடத்துவோருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை!

முதற் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எச்சரிக்கைகள் எழுந்தன. அற்பமானதும் ஆபத்தானதும் ஒரே குரலில் கூவின. அவற்றை வரிசையாக அச்சிட்ட கணனியோ, ஒரு கட்டத்தில் நிகழ்ச்சிக்கு இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாகப் பின்தங்கிவிட்டது. நீர்மட்டங் காட்டும் கருவி உயர்வையே காட்டியமையால், உலைக்குள் தானாகப் பாய்ந்த அவசர நீரையும் ஊழியர் குறைத்துவிட்டனர்.

இந்நிலையில் உலையூடே நீரைச் சுற்றோட்டஞ் செய்யும் நான்கு பெரும் பம்பிகளும் அதிரலாயின. நீருடன் நீராவி கலந்ததே அதிர்வுக்குக் காரணம். என் கருத்தில், அன்று எழுந்த அறிகுறிகளுள் உண்மையை மிக நெருங்கி உரைத்தது இவ்வதிர்வேயாகும். ஆயினும் ஊழியர் பம்பிகள் பழுதுறுமென்று அஞ்சி, 5.14 க்கு இரண்டையும் 5.41 க்கு ஏனைய இரண்டையும் நிறுத்தினர். காலை 6.22 க்குத்தான் நீர் கசிந்த வழி அடைக்கப்பட்டது. அணுவுலையின் கருப்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகியமை பிற்பட்ட ஆண்டுகளில் புலனாயிற்று.

ஊழியரைக் குற்றங்கூறி அமைதல் எளிது. சனாதிபதி கார்ட்டர் நியமித்த, கணிதப் பேரறிஞர் ஜோன் கெமெனி தலைமையிலான ஆணைக்குழு, 1979 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் அவ்வளவில் நிற்கவில்லை. பயிற்சியின் குறைவையும், கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும், மேற்பார்வை செய்தோரின் மனப்பாங்கையும் அது கண்டித்தது. 1977 இல் ஒகையோ மாநிலத்தின் டேவிஸ்-பெசே நிலையத்திலும் இத்தகைய வால்வு திறந்தபடி நின்றிருந்தது. அங்கிருந்தோர் ஏறக்குறைய 20 நிமிடங்களில் அதனை உணர்ந்து அடைத்தனர். அவ்வனுபவம் மூன்று மைல் தீவின் ஊழியருக்கு எடுத்துரைக்கப்படவில்லை.

விபத்தின் பின்னர், வால்வின் மெய்ந்நிலையை நேராகக் காட்டும் கருவிகள் அமெரிக்க அணுமின் நிலையங்களிற் கட்டாயமாக்கப்பட்டன. இரண்டாம் உலை மீண்டும் இயங்கவேயில்லை.