ஒரு பட்டன், மூணு விளக்கு

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே வரல. தீசிஸ் எழுதறேன்னு சொன்னா நம்பவா போறீங்க? கண்ணு பார்க்கற குறிப்பையும் கை செய்யற அசைவையும் மூளை எப்படிக் கோர்க்கக் கத்துக்குதுங்கறதுதான் தலைப்பு. தினமும் வெஸ்ட் ஈலிங்ல ரயில் ஏறி பேடிங்டன்ல இறங்கறேன். நான் தேடற கதை மொத்தமும் இந்தத் தண்டவாளத்துலயே கிடக்குன்னு லேட்டாத்தான் உறைச்சது.

எங்கப்பா ஈரோட்டுல லோகோ பைலட்டா இருந்து ரிட்டையர் ஆனவர். நம்மூர் எஞ்சின்ல டிரைவரும் அசிஸ்டெண்ட்டும் ஒவ்வொரு சிக்னலையும் பார்த்து, கையை நீட்டி, நிறத்தை ஒருத்தருக்கொருத்தர் உரக்கச் சொல்லிக்கணும். அப்பா ஸ்கூட்டர்ல போறப்ப பன்னீர்செல்வம் பார்க் சிக்னலுக்கும் கை நீட்டுவார். பின்னாடி உக்காந்து நான் வெக்கத்துல நெளிவேன் :-)

சிவப்புன்னா நில்லு, பச்சைன்னா போ. பிறவியிலேயே வந்த அறிவு மாதிரி தோணுது இல்லையா? கிடையாது. ஆரம்பகால பிரிட்டிஷ் ரயில்வேயில் வெள்ளைதான் 'போ'. பச்சைன்னா 'எச்சரிக்கை'. ஆனா சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்தா உள்ளே எரியற விளக்கு வெள்ளையாத்தானே தெரியும்? டிரைவர் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பார். அதனால 1890களில் பச்சையை 'போ' ஆக்கினாங்க. வருஷக்கணக்கா பச்சையைக் கண்டதும் வேகத்தைக் குறைச்ச கை, அதே பச்சைக்கு வேகத்தை ஏத்தப் பழகணும்! நிறத்துக்கும் அசைவுக்கும் இயற்கையில் எந்த உறவும் இல்லை. மூளை போட்டுக்கற முடிச்சு அது.

அந்த முடிச்சு எங்கே விழுதுன்னு 1980களில் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் பாஸிங்ஹாமும் உல்ரிக்கே ஹால்ஸ்பாண்டும் தேடினாங்க. ஒரு நிறம் வந்தா குரங்கு கைப்பிடியை இழுக்கணும், இன்னொண்ணு வந்தா திருப்பணும். பிரீமோட்டார் கார்ட்டெக்ஸை எடுத்த பிறகும் அதுங்களுக்கு நிறம் தெரிஞ்சது, இழுக்கவும் திருப்பவும் முடிஞ்சது. எதுக்கு எதுங்கறது மட்டும் போயிடுச்சு. நல்லா இருக்கற மூளையில் திரும்பத் திரும்பச் செய்யறது பேசல் கேங்லியா வழியா பழக்கமா இறுகிடும். அப்புறம் யோசிக்காமலே கை போகும்.

இந்த லைனை நடத்தின கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, கண்ணை மட்டும் நம்பினா ஆகாதுன்னு 1906லேயே முடிவு பண்ணிச்சு. வழி சரின்னா எஞ்சினுக்குள்ள மணி, எச்சரிக்கைன்னா சைரன். 1950களில் மத்த லைனுக்கும் வர ஆரம்பிச்ச ஏ.டபிள்யூ.எஸ். அதோட வாரிசு. பச்சைக்கு மணி. ஒத்தை மஞ்சள், இரட்டை மஞ்சள், சிவப்பு மூணுக்கும் ஒரே ஹாரன். பட்டனை அழுத்தினா ஹாரன் நிக்கும், அழுத்தலேன்னா பிரேக் தானா விழும். மஞ்சளுக்கு ஆயிரம் தடவை அழுத்திப் பழகின கைக்கு, சிவப்பு வந்தாலும் அதே சத்தம், அதே பட்டன்.

1999 அக்டோபர் 5 காலை. பேடிங்டன்ல கிளம்பின லோக்கல் ரயில் ஒண்ணு, ரெண்டு மைல் தள்ளி லாட்புரோக் குரோவ்ல, எஸ்.என்.109ங்கற சிவப்பு சிக்னலைத் தாண்டி எதிரே வந்த எக்ஸ்பிரஸ்ல மோதிச்சு. 31 பேர் செத்தாங்க, ரெண்டு டிரைவர்களும் சேர்த்து. ஹாரன் அடிச்சிருக்கு. பட்டனும் அழுத்தப்பட்டிருக்கு.

டிரைவர் தப்புன்னு ஃபைலை மூடியிருக்கலாம். லார்ட் கல்லன் விசாரணை அப்படி விடல. மேலே போற மின்கம்பி அமைப்பு சிக்னலை மறைச்சிருக்கு. காலை வெயில் விளக்குங்க மேல நேரா விழுந்திருக்கு. அதுக்கு முந்தின ஆறு வருஷத்துல அதே சிக்னலை எட்டு தடவை சிவப்புல தாண்டியிருக்காங்க. எட்டு தடவையும் டிரைவர்தான் தூங்கினாரா என்ன? பட்டன் அழுத்தினாலும் விடாம பிரேக் போடற டி.பி.டபிள்யூ.எஸ்.ஸை, 2003 முடியறதுக்குள்ள முக்கியமான சிக்னல்கள்ல வெச்சாங்க.

போன ஞாயித்துக்கிழமை அப்பாகிட்ட ஃபோன்ல இதெல்லாம் சொன்னேன். பட்டன் கதையைக் கேட்டுட்டு, "அந்தப் பையன் லைனுக்கு வந்து எத்தனை நாளாச்சு?"ன்னார்.

"டிரைவரா பாஸ் பண்ணி 13 நாளுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"பக்கத்துல ஆரும் இல்லாம தனியாவா ஓட்டுனான்?"

"ஆமாங்கப்பா. தனியா."