வக்ஃபின் முதற்செலவு

விருதுநகர் வட்டாரம் மழை குறைந்த பூமி. அவ்வட்டாரத்து ஊர்களுள் ஒன்றான மல்லாங்கிணறு, தன் பெயரிலேயே கிணற்றைச் சுமந்து நிற்கிறது. இம்மண்ணின் மக்கள் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு: கிணறு வெட்டுவது ஒருமுறை, தூர் வாருவது காலமெல்லாம். நம் முன்னோர் விட்டுச்சென்ற பள்ளிவாசல்களுக்கும் தர்காக்களுக்கும் இதுவே பொருந்தும். ஆயினும் புதிய கட்டடம் என்றால் நன்கொடை குவிகிறது. பழைய கூரையின் ஒழுக்கை அடைக்கவோ எவரும் முன்வருவதில்லை. பேணுதல் சிறிய பணி என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. மார்க்கம் அவ்வாறு கூறவில்லை.

உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைக் குறித்து ஆலோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து அதன் பயனை அறத்திற்கு வழங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படவோ, அன்பளிப்பாக அளிக்கப்படவோ, வாரிசுகளுக்குச் செல்லவோ கூடாது என்றாயிற்று. அதனை நிர்வகிப்பவர் நியாயமான அளவில் அதிலிருந்து உண்பது குற்றமன்று என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. பராமரிப்பு ஊதியத்திற்குரிய பணி என்பது அப்போதே ஒப்புக்கொள்ளப்பட்டது.

பின்வந்த ஹனஃபி சட்ட அறிஞர்கள் மேலும் தெளிவாக்கினர். வக்ஃபின் வருமானம் முதலில் அதன் 'இமாரத்'துக்கே, அதாவது அதனைப் பழுதுபார்த்துப் பேணுவதற்கே செலவாக வேண்டும். பயனாளிகளின் பங்கு அதற்குப் பின்னரே. வக்ஃப் செய்தவர் இதனை நிபந்தனையாகக் குறிப்பிடாவிடினும் விதி மாறாது. மூலம் அழிந்தால் பயன் ஏது?

இவ்விதியின் அருமையை உணரக் கடல்கடந்து சிங்கப்பூருக்குச் செல்வோம். அங்குள்ள தெலுக் ஆயர் தெருவில், நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகை அவர்களின் நினைவாகத் தமிழ் முஸ்லிம்கள் 1828 முதல் 1830 வரை ஒரு நாகூர் தர்காவை எழுப்பினர். அதற்கான நிலம் 1827இல், விற்கக்கூடாது என்னும் நிபந்தனையோடு வழங்கப்பட்டது. கைபர் நிலத்தின் முதல் நிபந்தனையே அங்கும் ஒலிக்கக் காண்கிறோம். 1974இல் அக்கட்டடம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அறிவிப்பு மட்டும் சுவர்களைத் தாங்கவில்லை. கட்டடம் பழுதுற்றுப் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது. சீரமைப்புக்குப் பின் 2011இல் இந்திய முஸ்லிம் மரபு மையமாக அது மீண்டும் திறக்கப்பட்டது. சட்டம் இடிப்பைத் தடுக்கலாம். தேய்மானத்தைத் தடுப்பது நாள்தோறும் பேணும் கைகளே. மக்கள் வந்துபோகும் ஒரு பயன்பாடும் அதற்குத் துணைநிற்கிறது.

பழுதுபார்ப்பிலும் அறிவு வேண்டும். 1993இல் உலகப் பாரம்பரியச் சின்னமான தில்லி ஹுமாயூன் கல்லறையின் கூரைமீது இருபதாம் நூற்றாண்டில் கான்கிரீட் படலங்கள் பரப்பப்பட்டிருந்தன. பாதுகாப்பு எனக் கருதிச் செய்யப்பட்டது கட்டடத்திற்குச் சுமையாயிற்று. ஆகா கான் அறக்கட்டளை மேற்கொண்டு 2013இல் நிறைவுற்ற சீரமைப்பின்போது, டன் கணக்கில் அக்கான்கிரீட் அகற்றப்பட்டு மரபான சுண்ணாம்புக் காரை மீண்டும் இடப்பட்டது. சுண்ணாம்பு ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். சிமெண்டோ ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கச் செய்யும். பழைய கற்றூண்களில் பளிங்கோடு ஒட்டுவதும், கல்வெட்டின்மீது வண்ணம் பூசுவதும் அழகுபடுத்துவதாகா, சான்றை மூடுவதேயாகும்.

ஆதலின் ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. வரவுசெலவுத் திட்டத்தில் பராமரிப்பை முதல் வரியாக எழுதுங்கள். கடை வாடகையைச் சந்தை நிலவரத்திற்கேற்பத் திருத்துங்கள். பழுதுக்குக் கை வைக்குமுன் படமெடுத்துப் பதிவு செய்யுங்கள். சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப்பிடித்து, இளைஞர் ஒருவரை அவரிடம் பயிற்றுவியுங்கள்.

வெட்டியவருக்குக் கூலி தொடர்ந்து சேர்கிறது என்று நம்புகிறோம். ஊற்று அடைபடாமல் காப்பவருக்கும் அதில் பங்குண்டு, இன்ஷா அல்லாஹ்.