பாளையங்கோட்டைப் பட்டியலின் முதல் பெயர்

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டையில் இருந்த புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களின் பெயர்ப் பட்டியல் ஒன்று எழுதப்பட்டது. அதில் இருந்தவர்கள் 40 பேர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள். பிற்காலத்தில் தென்னிந்தியாவின் மிகப் பெரிய சபைகளில் ஒன்றாக வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபைக்கு இந்தப் பட்டியல்தான் வித்து. முதல் வரியில் இருந்த பெயர் கிளாரிந்தா. தஞ்சை மராட்டியச் சீமையிலிருந்து வந்த பிராமண விதவை அவர். கைம்பெண்ணுக்கு வீட்டு முற்றமே எல்லையாக இருந்த காலத்தில், ஒரு சபையின் முதல் வரியில் அந்தப் பெண் எப்படி வந்து நின்றார் என்பதே இந்த வாரத்தின் கேள்வி.

கிளாரிந்தா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது எரியும் சிதை. உடன்கட்டை ஏறவிருந்த இளம் விதவையை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றினார் என்பது செவிவழியாக வரும் செய்தி. பெருங்குளம் அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘கிளாரிந்தா’ நாவல் அந்தக் காட்சியைப் படித்தவர் மனத்தில் நிலைக்கச் செய்தது. கிறிஸ்தவரல்லாத ஒரு பிராமணர் இவ்வளவு பரிவோடு அவரைப் பற்றி எழுதியதற்கு நாம் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் சிதையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று மட்டும் நினைக்கும்போது, கதையின் நாயகனாக மீட்ட ஆண் ஆகிவிடுகிறார். கிளாரிந்தாவின் வாழ்க்கையில் நாம் போற்ற வேண்டிய காலம் அதற்குப் பின்னால் வருகிறது. திருநெல்வேலிப் புராட்டஸ்டண்ட் சபையை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால் கிளாரிந்தா என்றே பதில் சொல்ல வேண்டும் என்பது என் முடிவு.

முதல் சான்று அவருடைய ஞானஸ்நானமே. லிட்டில்டனோடு வாழ்ந்த நாளிலேயே கிறிஸ்தவ நம்பிக்கையைக் கற்றுக்கொண்ட அவர், தஞ்சைப் பகுதியில் ஊழியம் செய்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டார். மணமாகாமல் ஓர் ஆடவரோடு வாழ்பவருக்குத் தர இயலாது என்று ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு கிளாரிந்தா மறுபடியும் கேட்டார். 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பக்தி நூல்கள் இந்த மறுப்பைக் கூச்சத்தோடு கடந்துபோகின்றன. எனக்கு அது மறைக்க வேண்டிய செய்தியாகத் தெரியவில்லை. பிறந்த சாதி கைவிட்டது, புகலிடம் தந்த மனிதர் முறைப்படி மணக்கவில்லை, நாடிப்போன சபையும் கதவைச் சாத்தியது. இத்தனைக்கும் பிறகு அதே கதவை மறுபடி தட்டிய பெண்ணின் நம்பிக்கையை, ஆதாயம் தேடி வந்த நம்பிக்கை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்த ஏழு ஆண்டுகள்தான் என் வாதத்தின் அச்சாணி. சபை வரலாறுகள் சுவார்ட்ஸையே நிறுவனராகச் சொல்வது வழக்கம். அவருடைய பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஆனால் அவர் எங்கே இருந்தார் என்று பார்க்க வேண்டும். 1779இல் சென்னை அரசின் தூதராக ஐதர் அலியைக் காண ஸ்ரீரங்கப்பட்டணம் போனார். 1780இல் மைசூர்ப் போர் மூண்டது. தஞ்சைச் சீமை சூறையாடப்பட்டுப் பஞ்சத்தில் வீழ்ந்தது. பசித்தவர்களுக்குச் சோறு போடும் பாரம் அவர் தலையில் விழுந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாளையங்கோட்டையை அவர் மறந்துவிடவில்லை. ஆனால் அங்கே குடியிருந்து அந்தச் சபையைப் பேணியவர் அவரல்லர். குருப்பட்டம் பெற்ற போதகர் எவரும் அந்த ஊரில் தங்கியிராத காலம் அது. அப்படியிருந்தும் சபை கலைந்துவிடவில்லை, பெருகியது. தஞ்சைக்கே நேரில் போய், எங்களுக்கு ஓர் ஊழியரை அனுப்புங்கள் என்று கேட்டவர்களில் கிளாரிந்தாவும் ஒருவர். போர்க்காலப் பாதைகளில் ஒரு விதவை அத்தனை தூரம் பயணம் செய்தது, தன் ஒருத்தியின் ஆறுதலுக்காக அல்ல, ஒரு கூட்டத்தாரின் தேவைக்காக.

பிறகு கோயில் எழுந்தது. கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் இருவர் கைகொடுத்தாலும் முன்நின்று கட்டியவர் கிளாரிந்தாதான். 1785இல் சுவார்ட்ஸ் வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் பாப்பாத்தி அம்மாள் கோயில். ஐயரின் பெயரையோ கோட்டைத் தளபதியின் பெயரையோ அவர்கள் சூட்டவில்லை. கட்டியவர் யார் என்பது கண்ணால் கண்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு பணத்தைப் பற்றியது. அவருக்கு வசதி எங்கிருந்து வந்தது? ஆங்கிலேய அதிகாரியின் வழியாக. ஆகவே இந்தக் கோயிலும் சபையும் கம்பெனிப் படையின் நிழலில் முளைத்தவைதானே என்று கேட்கலாம். கோட்டை இல்லாவிட்டால் சபை இல்லை என்பது உண்மையே, அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த நூற்றாண்டில் கம்பெனி அதிகாரிகளோடு வாழ்ந்து, அவர்களின் உயில்களால் சொத்துப் பெற்ற இந்தியப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு ஆவணங்களில் முழுப் பெயர்கூட இல்லை. கையில் வந்த பொருளை ஆராதனைக்கு ஒரு கட்டடமாக ஆக்குவது என்ற தீர்மானத்தைக் கோட்டை எடுக்கவில்லை. அதை எடுத்தவர் கிளாரிந்தா.

கிறிஸ்தவம் அவரால்தான் இந்தச் சீமைக்கு வந்ததா என்று கேட்டால், இல்லை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களிலேயே கத்தோலிக்கரானவர்கள். சவேரியார் 1542இல் அந்தக் கரையில் நடந்தார். நான் பேசுவது புராட்டஸ்டண்ட் சபையைப் பற்றி மட்டுமே. அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திருநெல்வேலிச் சபையின் பெரும் வளர்ச்சி நாடார் கிராமங்களில் நிகழ்ந்தது. 1799இல் முதலூரை உருவாக்கியவர் டேவிட் சுந்தரானந்தம். அந்தக் கிராமங்களில் கிளாரிந்தாவின் கை இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பெருமை அந்தக் கிராமத்தாருக்கே உரியது. ஆனால் 1802, 1803 ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றபோது அந்த ஊழியத்தில் முன்நின்றவர்களில் ஒருவர் சத்தியநாதன். 1790இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்ற அவர் பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்டதற்குக் காரணம், அங்கே போதகரைக் கேட்டுக் காத்திருந்த ஒரு சபையும் கோயிலும் முன்பே இருந்ததுதான். கிராமங்கள் எழுந்தபோது அவற்றுக்கு ஒரு தலையூர் தயாராக இருந்தது. தயாராக்கியவர் கிளாரிந்தா என்பதற்குப் பட்டியலும் கட்டடமும் சாட்சி.

அவருடைய முதுமைக் காலம் அமைதியான காலமன்று. 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801இல் அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார்; மீண்டும் போர் வெடித்தது. கிளாரிந்தா வாழ்ந்த ஊரே அந்தப் போரின் தலைமைப் பாசறை. சத்தியநாதனும், 1791இல் வந்த ஜேனிக்கே ஐயரும் பொறுப்பேற்ற பிறகு, மிஷன் எழுத்துகளை நிரப்புவது ஊழியர்களின் பெயர்களே. கடிதம் எழுதியவர்கள் மிஷனரிகள்; தங்களுக்குத் தெரிந்த உபதேசியார்களையும் போதகர்களையும் பற்றியே அவர்கள் எழுதினார்கள். முதிய விதவை ஒருத்தி வாரந்தோறும் கோயிலுக்கு வருவதைச் செய்தியாகக் கருதி யாரும் எழுதவில்லை. 1806இல் அவர் மறைந்தார். 1881இல் கால்டுவெல் இந்த மிஷனின் தொடக்க வரலாற்றை எழுதியபோது கிளாரிந்தாவை விட்டுவிட்டு அதைத் தொடங்க அவராலும் முடியவில்லை. மிஷனரி இரேனியஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தபோது கிளாரிந்தா மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கட்டிய கோயில் அப்போதும் நின்றது. சத்தியநாதன் அந்தக் கோயிலில் ஏற்ற பொறுப்பையும், அங்கிருந்து கிராமங்களை நோக்கிப் புறப்பட்டதையும் அடுத்த வாரம் பார்ப்போம்.